கண்டதோ, கேட்டதோ?

யாராவது செத்துப்போனால் அதை அந்த அக்காவிடம் நிரூபித்துக் காட்ட வேண்டும். சும்மா போய், "அப்பா மோசம் போயிட்டார், பேப்பரில போடவேணும்" என்று சொன்னால் வேலை நடக்காது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார், பேனா மூடியைக் கழற்றுவார், பிறகு முதல் கேள்வியைக் கேட்பார்.

"கண்டதோ, கேட்டதோ?"

அழுது வீங்கிய கண்ணோடு வந்து நிற்பவன் திகைத்துப்போவான். "என்னக்கா இப்பிடிக் கேக்கிறியள்? வீட்டு விறாந்தையில கிடத்தியிருக்கிறம்."

"அப்ப கண்டது. சரி, சொல்லுங்கோ."

அதற்குப் பிறகுதான் பேனா கடதாசியைத் தொடும்.

மன்னார் பஸ் நிலையத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட பத்திரிகைக் கடை அவருடையது. கொழும்பு பஸ்ஸிலும் யாழ்ப்பாண பஸ்ஸிலும் காலையில் வந்து இறங்கும் கட்டுகளைப் பிரித்து விற்பது பாதி வேலை. மரண அறிவித்தல்களை எழுதி வாங்கிக் கொழும்பிலுள்ள பத்திரிகைக் கந்தோருக்கு அனுப்புவது மற்றப் பாதி. அவருடைய கடைச் சுவரோடு ஒட்டியது என் கடை. போட்டோக் கொப்பி, போனுக்கு ரீலோட், இன்டர்நெட். எனக்குச் சொந்த ஊர் மன்னார்த் தீவிலேயே உள்ள தாராபுரம். பத்து வயதில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் மீசையும் தாடியுமாகத் திரும்பி வந்தவன். அக்காவின் ஊர் முருங்கனுக்கு அங்கால் ஒரு வயல் கிராமம். அவரும் அப்போதுதான் அகதி முகாமிலிருந்து விடுபட்டு, வயதான மாமியாரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் வெறுங்கையோடு தொடங்கியவர்கள் என்பதால் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொண்டோம்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை "நானா" என்றுதான் கூப்பிடுவார். நானா என்றால் எங்கள் ஆட்களுக்கு அண்ணன். தொப்பி போட்ட கடைக்காரன் எவனாக இருந்தாலும் இந்த ஊரில் நானாதான். நான் அவரை அக்கா என்பேன். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்று கேட்டால் பஸ் நிலையத்தில் ஒருவருக்கும் பதில் தெரியாது.

மரண அறிவித்தலை நான் முதலில் பகிடியாகத்தான் பார்த்தேன். எங்களில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அடுத்த நாள் பத்திரிகை வருமுன் அடக்கமும் முடிந்துவிடும். அக்காவின் ஆட்களுக்கு அப்படியல்ல, பேப்பரில் வராத சாவு பாதிச் சாவு. படம் வேண்டும், பிறந்த ஊரும் வாழ்ந்த ஊரும் வேண்டும், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்ன பிள்ளைகளின் தாய் என்று மருமக்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் வரிசைப்படி பெயர் வரவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டோடு பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. வரிசையில் ஏற்கெனவே இறந்தவர் இருந்தால் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது வழக்கம். சண்டைக்கு முன்பு அதிலே யோசிக்க ஒன்றுமில்லை. சண்டைக்குப் பிறகோ, அந்தச் சொல்லைப் போடுவதா விடுவதா என்று தெரியாத ஒரு பெயராவது கடைசிச் சண்டை நடந்த வன்னிப் பக்கமிருந்து வந்த குடும்பங்களில் இருந்தது.

அந்தப் பெயரில் வந்துதான் அக்காவின் பேனா நிற்கும்.

"இவர்?"

"அவர் கடைசிச் சண்டைக்குள்ள காணாமல் போனவர் அக்கா. இனி என்ன, காலஞ்சென்ற எண்டே போடுங்கோ."

"கண்டவை ஆர்?"

"கண்டவை எண்டு ஒருத்தரும் இல்லை."

"அப்ப நான் போடன். நான் ஆர், அவரைச் செத்தவர் ஆக்க?"

எத்தனை பேர் மேசையில் அடித்துக் கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் தெரியுமா? அக்கா அசையமாட்டார். கத்தி முடியும்வரை காத்திருந்து, "தண்ணி குடியுங்கோ" என்று போத்தலை நீட்டுவார். சொல்லை மட்டும் எழுதமாட்டார்.

அவருடைய கணவரும் அப்படிக் காணாமல் போனவர்தான். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துகிறவர். கடைசி மாதங்களில், சனத்துக்குள் சாப்பாடு தேடிப் போனவர் திரும்பி வரவில்லை. முகாமில் இருந்தபோது அக்காவிடம் நான்கு பேர் நான்கு கதை சொன்னார்களாம். பக்கத்து முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கிறார் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடக்கிறார் என்றார் இன்னொருவர். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும் ஒரு கதை, ஆள் முடிந்துவிட்டது என்றும் ஒரு கதை. அக்கா நான்கு பேரையும் பிடித்து, நீங்கள் கண்டீர்களா என்று கேட்டிருக்கிறார். நான் காணவில்லை, இன்னார் சொன்னார் என்று ஆளுக்கு ஆள் கையைக் காட்டியிருக்கிறார்கள். அந்த இன்னாரைத் தேடிப் போனால் அவருக்கும் வேறொரு இன்னார் சொன்னவராம்.

"அண்டைக்குத்தான் நானா விளங்கினது," என்று என்னிடம் சொன்னார். "உலகத்தில முக்காவாசிக் கதை கேட்டதுதான். கண்டது கொஞ்சம்தான்."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்புக்காரரின் பேச்சு வரும்போதெல்லாம் அவர் இப்போதும் உயிரோடு இருப்பவரைச் சொல்வதுபோல் 'இவருக்குத் தோசைதான் விருப்பம்' என்பார். 'விருப்பமாக இருந்தது' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தப் பிடிவாதத்தால் வந்த பகிடிகளும் உண்டு. ஒரு குடும்பம் தங்கள் தாய்மாமன் ஒருவரைக் காலஞ்சென்றவர் வரிசையில் போடச் சொன்னது. கோபித்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போய் இருபது வருடம், ஒரு கடிதமும் இல்லை, செத்திருப்பார் என்றார்கள். வழக்கம்போல அக்கா மறுத்தார். அறிவித்தல் வந்து நான்காம் நாள், அட்டனிலிருந்து ஒரு கிழவர் கையில் அதே பத்திரிகையோடு பஸ்ஸால் இறங்கினார். அக்காவின் கடையிலேயே வழியும் கேட்டார். போன மனிதர் செத்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்த கையோடு தன் பங்குக் காணியைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டார். அந்தக் குடும்பம் அக்காவைத் திட்டாத திட்டு இல்லை.

அப்போதெல்லாம் பத்திரிகைக்கு அப்படி ஒரு ஓட்டம் இருந்தது. நான் கடை போட்ட புதிதில், கட்டுகளை இறக்க பஸ் கொண்டக்டரும் ஒரு கை கொடுப்பார். சில வருடங்களில் அக்கா ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினார். மிஞ்சியதை பஸ் நிலையத்துக் கழுதைகள் வந்து மென்றுகொண்டு நிற்கும். "இதுகள்தான் நானா விடாமல் எடுக்கிற வாடிக்கை" என்பார்.

இதில் என் பங்கும் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது? வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மரண அறிவித்தலுக்கென்றே இணையத்தளங்கள் தொடங்கியிருந்தார்கள். கலர்ப் படம், பின்னால் ஒரு சோகப் பாட்டு, விரலால் தொட்டால் எரியும் விளக்கு. செத்த வீட்டுக்காரர் அக்காவின் கடையைத் தாண்டி என் கடைக்குள் ஏறத் தொடங்கினார்கள். நானும் வாங்க வாங்க என்று தட்டச்சு செய்து போட்டேன்.

"அக்கா, உங்கட பேப்பர் நாளைக்குக் காலமைதான் வரும். என்ர கடையில எண்டால் பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்தில கண்டதோ கேட்டதோ எண்டு விசாரிக்கேலுமோ நானா?"

ஒருமுறை, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரை முகநூலில் மத்தியானம் சாகடித்துவிட்டார்கள். பின்னேரம் அவரே மீன் சந்தையில் பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றார். அன்று முழுவதும் அக்கா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அடுத்த நாளும் சனம் என் கடைக்குத்தான் வந்தது.

அக்காவைப் பற்றி நல்லதாகவே எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு பெண்பிள்ளையை மறந்துவிட்டு எழுதினால் அது பொய். முப்பது வயது இருக்கும், இரண்டு குழந்தைகள். கணவன் காணாமல் போனவன். மாமனார் இறந்துபோக, அறிவித்தல் கொடுக்க வந்திருந்தாள். கணவனின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடச் சொல்லி அவளே கேட்டாள். அவளைக் கட்டிக்கொள்ள ஒரு நல்ல மனிதன் காத்திருந்தான். மாமியாருக்கும் சம்மதம். ஊருக்குச் சொல்ல ஒரு துணிவு தேவைப்பட்டது, அந்தச் சொல்லைப் பேப்பரில் கண்டால் அது கிடைக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"கண்டவை ஆர் பிள்ளை?" என்றார் அக்கா.

"ஒருத்தரும் காணேல்லைத்தான் அக்கா. ஒருத்தரும் காணேல்லை எண்டுறதுக்காக நான் எத்தினை வருசம் இருக்கிறது? நீங்கள் இருக்கிறியள். நீங்கள் இருக்கிற மாதிரி எல்லாராலயும் ஏலுமோ?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. இருந்தும் பேனாவை மூடினார். "மற்றப் பேரெல்லாம் எழுதுறன். அதை மட்டும் என்னால எழுதேலாது."

அந்தப் பிள்ளை எழுந்து பக்கத்துக் கடைக்கு வந்தாள். அவள் கேட்டபடியே நான் இணையத்தில் போட்டுக்கொடுத்தேன், அந்தச் சொல்லோடு. பக்கத்துக் கடையில் அவள் கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்திருந்தது, அதற்குப்பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. விஷயம் தெரிந்து அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தேத்தண்ணியை ஜன்னலால் நீட்டி, "நீங்கள் செய்ததும் சரிதான் நானா. ஆனால் நான் அதை எழுதமாட்டன்தான்" என்றார். ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளை புதுக் கணவனோடு பஸ்ஸுக்கு நின்றாள். அக்கா கடையை விட்டு இறங்கிப் போய், அவளுடைய குழந்தைகளின் கையில் பிஸ்கட் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு ஒருநாள் அக்காவின் மாமியார் காலமானார். அக்கா கடை திறக்காத அன்று காலையில், என் கடைக்கு ரீலோட் போட வந்த ஒருவர் போனை நீட்டி, "பக்கத்துக் கடைக்காரியின்ர மனிசன் செத்தது உறுதியாகிட்டுதாமே?" என்று கேட்டார். பார்த்தேன். மாமியாரின் மூத்த மகன், அக்கா அத்தான் என்று கூப்பிடுகிறவர், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் அறிவித்தல் போட்டிருந்தார். தாயின் பிள்ளைகள் வரிசையில், தம்பியின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. கீழே நூற்றுக்கணக்கில் அனுதாபம், தாய்க்கும் மகனுக்கும் சேர்த்து.

கடையைப் பூட்டிவிட்டு அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்து, மடியில் கொப்பியை வைத்து மாமியாரின் அறிவித்தலைத் தன் கையாலே எழுதிக்கொண்டிருந்தார். நான் காட்டியதை வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார். பிறகு என் போனிலிருந்தே அத்தானுக்கு அழைப்பு எடுக்கச் சொன்னார்.

"அத்தான், நீங்கள் அவரைக் கண்டனீங்களோ?"

அந்தப் பக்கமிருந்து அழுகையோடு குரல் வந்தது. "நான் எங்க தங்கச்சி காணுறது? எத்தினை வருசமாச்சு. அம்மா போற நேரம் அவனையும் சேர்த்து வழியனுப்பி வைப்பம் எண்டு நினைச்சன். நீயும் எவ்வளவு காலத்துக்குத்தான்..."

"நீங்கள் அன்பிலதான் செய்தனீங்கள். எனக்கு விளங்குது. ஆனால் கண்டவர் ஒருவர் வந்து சொல்லாமல் நான் அப்பிடிப் போடன் அத்தான்."

பத்திரிகைக்குப் போன அறிவித்தலில் கணவரின் பெயர் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களோடேயே நின்றது. சுடலையிலிருந்து திரும்பியவர்கள் அக்காவிடம் இரண்டு பேருக்கும் துக்கம் விசாரித்தபோது, மாமிக்கு மட்டும் விசாரியுங்கோ என்று முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இந்தப் பேப்பரை இப்ப ஆர் பாக்கினம்? மன்னாருக்கே வாறது முப்பது பிரதி. அதிலயும் பாதி கழுதைக்கு. உலகம் முழுக்க மற்றதைப் பாத்திட்டுது."

"பாக்கிறவை பாக்கட்டும் நானா. நான் பாக்கிறவையை எண்ணிப் போடேல்லை. உண்மையைப் போட்டனான்."

எட்டாம் நாள் கடையைத் திறந்துவிட்டார். மாமியாரின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கும்போது, மடு வீதிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஒரு மனிதர் இறங்கினார். நாட்கூலிக்கு வயல் வேலை செய்கிறவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்தார். பேச்சில் மலைநாட்டுச் சாயல் இருந்தது.

"இந்தத் துண்டுல இருக்கிற அம்மா வீடு எங்கன்னு தெரியுங்களா?"

"நான்தான் அவவின்ர மருமகள்," என்றார் அக்கா.

அவர் துண்டைத் திரும்ப மடித்தார். பிறகு மெல்லச் சொன்னார். சலூனில் முடி வெட்டக் காத்திருந்தபோது, பழைய பேப்பர் ஒன்றைப் புரட்டினாராம். அதில் அக்காவின் கணவரின் பெயரையும் ஊரையும் பார்த்தாராம்.

"அவரு பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடலீங்க. அதப் பாத்துட்டு எனக்கு மூணு நாளாத் தூக்கமில்ல. இவங்களுக்குத் தெரியாமலே இருக்குன்னு அப்பத்தாங்க தெரிஞ்சிச்சு. அன்னிக்கு எங்ககூட இன்னொருத்தர் இருந்தாரு, முகாமுக்குப் போனதும் வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்லிடுறேன்னாரு. சொல்லியிருப்பாருன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

நான் என் கடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றேன். அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார். குரல் மட்டும் மாறவில்லை.

"கண்டதோ, கேட்டதோ?"

"நான்தாங்க அக்கா பொதைச்சேன்."

பஸ் நிலையத்தில் யாரோ ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி தொடர்ந்தார். "ஒரே பங்கருக்குள்ள மூணு நாள் இருந்தோம். எங்க புள்ளைக்குத் தண்ணி எடுக்கப் போனவருங்க. ஷெல் குண்டு விழுந்திச்சு. இடது கை மோதிர விரலு பாதிதான் இருக்கும். பம்பு பெல்ட்டுல போச்சுன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு."

அந்த விரலைப் பற்றி அக்கா எனக்குக்கூட ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடினார். திறந்தபோது கேட்ட கேள்வி எனக்கு இன்றும் மறக்கவில்லை.

"நாள் தெரியுமோ?"

"தேதி தெரியாதுங்க. பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள் காலையில. முந்தின ராத்திரி நெலா வெளிச்சத்துல வெளிய தலகாட்ட முடியல, அதனால ஞாபகம் இருக்கு."

எந்த மாதம் என்று கேட்டு, நான் போனில் அந்த வருடத்துக் கலண்டரைத் தேடித் திகதியைச் சொன்னேன். அக்கா அதை ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொண்டார். இத்தனை வருடம் திதி கொடுக்க ஒரு நாள் இல்லாதிருந்த பெண் அவர். அந்த மனிதரை இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார், அவருடைய அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். வவுனியாவில் தையல் வேலைக்குப் போகிறாள் என்றார் அவர். "நல்லா இருக்கட்டும்," என்றார் அக்கா. பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் அழுதார். கடைக்குள், பத்திரிகைக் கட்டின்மேல் தலையை வைத்து, நான் அதுவரை ஒரு மனிதரிடமிருந்து கேட்டிராத சத்தத்தில் அழுதார். நான் வெளியில் நின்று, பேப்பர் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். நானும்தான் அழுதேன்.

அடுத்த நாள் காலையில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தலை எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பத்திரிகைக்கும் இப்போது இணையத்தில்தான் அனுப்புவது என்பதால் நான் தட்டச்சு செய்தேன். அந்தப் பெயர் வந்த இடத்தில் என் விரல் நின்றது. அக்கா பக்கத்திலேயே நின்றார். எழுதியிருந்தபடியே அடித்துக் கொழும்புக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் என் கடைப் போன் அடித்தது. பத்திரிகைக் கந்தோரில் அறிவித்தல் பகுதியில் இருக்கும் பையன். எத்தனையோ வருடமாக அக்காவின் கையெழுத்தோடும் பிடிவாதத்தோடும் மாரடித்தவன். போனை அக்காவிடம் கொடுத்தேன். அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"அக்கா, போன மாசம் போட்டதில உங்கட அவரின்ர பேர் சும்மா இருந்தது. இதில முன்னால 'காலஞ்சென்ற' எண்டு விழுந்திருக்கு. நீங்கள் அப்பிடிப் போடமாட்டீங்கள். ரைப் பண்ணேக்க பிழை வந்திட்டுது போல, எடுத்துவிடட்டோ?"

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பிழையில்லைத் தம்பி, இருக்கட்டும்," என்றார். "கண்டவர் வந்து சொல்லிப்போட்டார்."